கடனும் கடைச் சரக்கே

கடையில் அரிசி வாங்குகிறோம், துணி வாங்குகிறோம், கடனும் வாங்குகிறோம். மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல்தான் வழங்கி வருகிறது. ஆயினும் அரிசி வாங்கப் போகும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். விலை அதிகமென்று தோன்றினால் அடுத்த கடைக்கு நடந்துவிடுகிறோம். கடன் வாங்கப் போகும்போது மாத்திரம் தலை தானாகவே தாழ்ந்துவிடுகிறது. சரக்கின் விலை என்ன என்று கேட்கவும் நா எழுவதில்லை. கொடுப்பவர் ஏதோ உபகாரம் செய்கிறார், நாம் யாசித்து நிற்கிறோம் என்ற எண்ணம் வந்து நம்மை மூடிக்கொள்கிறது.

நன்றாக யோசித்துப் பார்த்தால் இதுவும் வியாபாரமே என்பது விளங்கும். பணத்தைச் சில காலம் வைத்து உபயோகித்துக்கொள்ளும் பாத்தியதை ஒரு சரக்கு; வட்டி அதன் விலை. இந்தச் சரக்கை மிக அதிக விலை கொடுத்து வாங்குகிறவர்கள் ஏழைகள். அவர்களிலும் அவசரத்தில் இருப்பவர்கள். அவர்களிலும் எழுத்தும் கணக்கும் அறியாதவர்கள். கலப்பட நெய் விற்பவரைத் தண்டிக்கச் சட்டம் இருப்பதைப் போலவே, கடன் என்னும் சரக்கில் நடக்கும் மோசத்தைத் தடுக்கவும் சட்டங்கள் இருக்கின்றன. ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஆனால் அந்தச் சட்டங்கள் தரும் காப்பு முழுவதும் காகிதத்தில் அடங்கியிருக்கிறது. காகிதத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லையென்றால் சட்டம் இருந்தும் இல்லாததுபோலத்தான். இதையே இங்கே வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

உழைப்புக்குப் பெயர்போன சீமை

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து தெற்கே காவிரிக் கரைவரையில் பரந்து கிடக்கும் எங்கள் சமவெளி உழைப்பாளிகளின் சீமை. சேலத்தில் கைத்தறியும் வெள்ளிக் கொலுசும்; ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களில் மரவள்ளிக் கிழங்கும் ஜவ்வரிசி ஆலைகளும்; திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் லாரிகள்; நாமக்கல்லில் கோழிப் பண்ணைகளும் லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளும்; பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் இரவு பகலாக ஓடும் விசைத்தறிகள். 1997-ல் நாமக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. ஆனால் தொழிலும் பிரியவில்லை. தொழிலோடு கூடவே வரும் கடனும் பிரியவில்லை.

கடன் இல்லாமல் இந்தத் தொழில்கள் நடவா. மரவள்ளிக் கிழங்கு சுமார் பத்து மாத காலம் பூமியில் கிடக்கிறது. அதுவரையில் குடியானவர் வீட்டு அடுப்பு எரிந்தாக வேண்டும். தறி ஓட்டுகிறவருக்கு வாரக் கூலி; குழந்தைக்கு ஜுரம் வருவதோ வாரக் கடைசியைப் பார்த்து வருவதில்லை. பெரிய முதலாளிக்குப் பாங்கி இருக்கிறது. சிறிய மனிதருக்கு வாசலில் வந்து நிற்கும் தண்டல்காரர் இருக்கிறார். குழுக் கடன் கொடுக்கும் கம்பெனி இருக்கிறது. இப்பொழுது கைபேசியிலேயே கடன் கொடுக்கும் செயலிகளும் வந்துவிட்டன. தறிக்கூடங்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு, அதைத் தீர்க்க முடியாமல், வேறிடத்தில் நல்ல கூலி கிடைத்தாலும் போக முடியாமல் கட்டுண்டு கிடந்த குடும்பங்களும் உண்டு. கடனுக்காக மனிதரை வேலையில் கட்டிப்போடுவதை 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குற்றமென்று சொல்லியும் அந்த வழக்கம் எளிதில் மறையவில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் நாடெல்லாம் அறிந்தது. பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர் சிலர், கடன் நெருக்கடி தாளாமல் தரகர்களின் வலையில் விழுந்து, தங்கள் சிறுநீரகத்தையே விற்றதாகப் பத்திரிகைகளில் செய்தி வெளிவந்தது. மாநில சர்க்கார் விசாரணைக் குழு அமைத்தது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை விசேஷப் புலனாய்வுக் குழு ஒன்றை நியமித்தது. உடல் உறுப்பை விலைக்கு விற்பதும் வாங்குவதும் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றங்கள். ஒரு மனிதர் தம் உடம்பை அறுத்துக் கொடுத்துக் கடனைத் தீர்க்கும் நிலைக்கு வருகிறார் என்றால், அவர் வாங்கிய கடன் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்று நாம் கேட்க வேண்டாமா?

தண்டல் கணக்கு

அந்த விலையைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கு வாத்தியாருக்கு இது பழகின வேலைதான்.

தண்டல் என்னும் ஏற்பாடு எங்கும் தெரிந்தது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 8,500. பாக்கி 1,500 முன்னதாகவே பிடித்துக்கொள்ளப்படும். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். கேட்பதற்குப் பதினைந்து சதவிகிதம் போல் தோன்றும். ஆனால் வாங்கியவரிடம் 8,500 ரூபாயும் நூறு நாளும் இருப்பதில்லை. இரண்டாம் நாளிலிருந்தே அது குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதித் தொகைதான் அவர் வசம் இருந்திருக்கும். அந்தப் பாதித் தொகைக்கு நூறு நாளில் 1,500 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று நுட்பமாகக் கணக்கிட்டாலும் நூற்றுக்கு நூற்றிருபதுக்குக் குறையவில்லை.

"வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டுதான்" என்று நயமாகச் சொல்லும் கடன்களிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. 12,000 ரூபாய் வாங்கி, வருஷ வட்டி 1,440-ஐயும் கூட்டி, மாதம் 1,120 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து வந்தும், வட்டி மாத்திரம் கடைசி மாதம் வரையில் முழு அசலுக்கும் கட்டுகிறோம். உண்மையான வட்டி இருபத்தொன்றுக்கு மேல் போய்விடுகிறது. "கடன் வாங்கியும் பட்டினி" என்ற பழமொழியின் முழு அர்த்தம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

சட்டம் ஒதுங்கி நின்ற காலம்

சட்டம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் சட்டமே வேண்டுமென்று ஒதுங்கி நின்றது. வட்டிக்கு உச்சவரம்பு விதித்த பழைய சட்டங்களை 1855-ல் ஆங்கிலேய சர்க்கார் ரத்து செய்தது. இஷ்டப்பட்டு ஒருவர் கொடுக்க, இஷ்டப்பட்டு ஒருவர் வாங்கினால் நடுவில் சர்க்காருக்கு என்ன வேலை என்பது அந்நாளைய தத்துவம். 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டமும் பெரும்பாலும் இந்த அடிப்படையிலேயே எழுந்தது. கையெழுத்து வைத்தாயிற்றா? வைத்தாயிற்று. பின் பணத்தைக் கட்டு. அல்லது ஜப்திக்கு உட்படு.

விளைவு சீக்கிரத்தில் தெரிந்தது. 1875-ல் பூனா ஜில்லாவில் குடியானவர்கள் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டு லேவாதேவிக்காரர்களின் வீடுகளுக்குச் சென்றார்கள். அவர்கள் முக்கியமாகத் தேடியது கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும்தான். அவற்றைக் குவித்துக் கொளுத்தினார்கள். தங்களால் படிக்க முடியாத அந்தக் காகிதத்தில்தான் தங்கள் நிலமும் மாடும் சிறைப்பட்டுக் கிடக்கின்றன என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நான்கு வருஷம் கழித்து 1879-ல் தக்காணக் குடியானவர் நிவாரணச் சட்டம் வந்தது. பத்திரத்தில் எழுதியிருப்பதோடு நின்றுவிடாமல், உண்மையில் கைமாறிய பணம் எவ்வளவு என்று கோர்ட்டு ஆராய அது இடங்கொடுத்தது. 1899-ல் ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு திருத்தப்பட்டது. மற்றவருடைய மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவர் அநியாயமான ஒப்பந்தம் செய்துகொண்டால், அது நேர்மையாக நடந்ததென்று ருசுப்படுத்த வேண்டிய பாரம் அவர் தலையிலேயே வைக்கப்பட்டது. 1918-ல் அதிக வட்டிக் கடன் சட்டம் வந்தது. பலமுள்ளவரும் பலமில்லாதவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைச் சமமானவர்களின் ஒப்பந்தமாகப் பாவிக்க முடியாது என்ற உண்மை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டத்தின் செவியில் ஏறிற்று.

சேலத்து வக்கீல் செய்த காரியம்

அந்த உண்மையைத் தயக்கமில்லாமல் சட்டமாக்கியவர் எங்கள் ஊர் வக்கீல் என்பதில் சேலத்தாருக்கு ஒரு பெருமை உண்டு. பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ஸ்ரீ ராஜாஜி, 1900 முதல் சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். 1917 முதல் 1919 வரையில் சேலம் முனிசிபாலிடியின் தலைவராக இருந்தார். 1925-ல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஸ்தாபித்தார். 1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அதே வருஷம் அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. அடுத்த வருஷம் மார்ச் மாதத்தில் வந்ததுதான் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1938-ன் நாலாவது ஆக்ட். பழைய வட்டிக் கணக்கைத் தீர்க்க அது எடுத்துக்கொண்ட தேதியும் 1937 அக்டோபர் 1-ம் தேதியே.

நிலைமை அப்பொழுது மிகவும் மோசமாகியிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் தானிய விலைகள் சரிந்தன. கடன் மாத்திரம் ரூபாய்க் கணக்கில் அப்படியே நின்றது. அதாவது, ஒரே கடனைத் தீர்க்க முன்னைவிட அதிக மூட்டை நெல் விற்க வேண்டியிருந்தது. மாகாணத்து விவசாயிகளின் கடனை 1930-ல் ஆராய்ந்த பாங்கு விசாரணைக் கமிட்டி சுமார் 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935-ல் ஸ்ரீ சத்தியநாதன் தயாரித்த அறிக்கை 200 கோடி என்றது.

ராஜாஜியின் சட்டம் வளைவு சுளிவு இல்லாதது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனாயின், 1937 அக்டோபர் 1 வரையில் நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் ரத்து. அசலைக் கட்டினால் போதும். அசலைப்போல் இரண்டு பங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் அசலும் ரத்து. ஐந்நூறு ரூபாய் வாங்கி, வட்டியாகவே ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டவர் அன்றோடு விடுதலை பெற்றார். எழுநூறு கட்டியிருந்தவர் இன்னும் முந்நூறு கட்டினால் போதும். புதிதாக வாங்கும் கடனுக்கு மாதம் ரூபாய்க்கு ஒரு தம்பிடிக்கு மேல் வட்டி இல்லை. ரூபாய்க்கு 192 தம்பிடி. ஆகவே வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறேகால். இன்று "இரண்டு வட்டி", "மூன்று வட்டி", "பத்து வட்டி" என்று மாதக் கணக்கில் பேசுகிறோமே, அந்தப் பாஷையில் சொன்னால் இது ஏறக்குறைய "அரை வட்டி".

ஒப்பந்தத்தின் புனிதம் போய்விட்டதென்று பணம் கொடுத்தவர்கள் கூக்குரலிட்டார்கள். வழக்கு டில்லியிலிருந்த பெடரல் கோர்ட்டு வரையில் போயிற்று. டிக்ரியாகிவிட்ட கடன்களைப் பொறுத்தவரை சட்டம் செல்லும் என்று 1940-ல் அங்கே பெரும்பான்மைத் தீர்ப்பாயிற்று. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறொன்று. வேறு சொத்து எதுவும் இல்லாத ஒரு ஸ்திரீ, தன் கைப்பணத்தை, மூவாயிரம் ரூபாய்க்கு மேற்படாமல், கடனாகக் கொடுத்திருந்தால் அந்தக் கடனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கடன் வாங்கியவர்தான் எப்பொழுதும் எளியவர் என்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டவில்லை. கைம்பெண் ஒருத்தி ஜீவனத்துக்காக வட்டிக்கு விட்டிருந்த பணத்தைப் பறித்து, நிலமுள்ளவரைக் காப்பாற்றுவது தர்மமாகாது. இரண்டு பக்கத்திலும் பலவீனர் யார் என்று பார்ப்பதுதான் நல்ல சட்டத்துக்கு லக்ஷணம்.

சட்டத்தால் ஆகாதது

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இவ்வளவு வட்டிக்கு மேல் வாங்காதே என்று சட்டம் சொல்லலாம். கடன் கொடு என்று கட்டாயப்படுத்துவது கடினம். பழைய கடன் ரத்தானவருக்கு அடுத்த விதைப்புக்கு யார் பணம் கொடுப்பார்கள்? இந்தக் கேள்வியை முன்னரே எழுப்பியவர் சர் பிரெடரிக் நிக்கல்ஸன். 1890-களில் சென்னை சர்க்காருக்கு எழுதிய இரண்டு பாக அறிக்கையில், ஜெர்மனியில் ரைபைஸன் ஏற்படுத்திய கிராமக் கடன் சங்கங்களே நமக்கும் வழி என்று அவர் காட்டினார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வருஷமே திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் மாகாணத்தின் முதல் சங்கம் தோன்றிற்று.

சமீப காலத்திலும் இந்தப் பாடத்தை மறுபடி படித்தோம். ஆந்திரப் பிரதேசத்தில் குழுக் கடன் கம்பெனிகளின் வசூல் கொடுமை மிகுந்து தற்கொலைகள் நேர்ந்தபோது, 2010 அக்டோபரில் அந்த சர்க்கார் கடுமையான அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கொடுமை நின்றது; அதனோடு வசூலும் நின்றது; புதுக் கடனும் ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஆகையால் அநியாயக் கடையை மூடினால் மாத்திரம் போதாது. பக்கத்தில் நியாயமான கடை ஒன்று திறந்திருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமும் பாங்கியும் ஏழையின் வீட்டு வாசலுக்கு எவ்வளவு சமீபத்தில் வருகின்றனவோ அவ்வளவுக்குத் தண்டல்காரர் தூரத்தில் போவார்.

இன்று கையில் இருக்கும் சட்டங்கள்

இன்றைய நிலைமை என்ன? தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்து அதீத வட்டித் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதிக வட்டி வாங்கினால் மூன்று வருஷம் வரையில் சிறையும் 30,000 ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கலாம். தொல்லைப்படுத்தியதைத் தொடர்ந்து கடனாளி தற்கொலை செய்துகொண்டால், தொல்லை கொடுத்தவர், மாறாக ருசுவானாலொழிய, தற்கொலைக்குத் தூண்டியவராகவே கருதப்படுவார். 2025-ல் இயற்றிய மற்றொரு சட்டம், கடன் வசூலுக்காக மிரட்டுவதையும், பின்தொடர்வதையும், வீட்டு வாசலில் வந்து வந்து நிற்பதையும், பொருளைப் பறிப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது.

குழுக் கடன் கம்பெனிகளுக்கு ரிசர்வ் பாங்கு விதித்த நிபந்தனைகள் 2022 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்தன. இந்தக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது. குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைகளுக்கே போய்விடும்படி கடன் கொடுக்கக் கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. முன்கூட்டித் தீர்த்தால் அபராதம் கூடாது. 2024 அக்டோபர் முதல், பாங்கிகளும் பதிவு பெற்ற கம்பெனிகளும் தனி மனிதருக்குக் கடன் கொடுக்கும்போது, எல்லாச் செலவும் சேர்ந்து வருஷத்துக்கு உண்மையான வட்டி எவ்வளவு என்று காட்டும் ஒரு விவரத் தாளை, வாங்குகிறவருக்குப் புரியும் பாஷையில் கொடுத்தே ஆக வேண்டும். மேலே நாம் போட்ட கணக்கை இனிக் கடன் கொடுப்பவரே போட்டுக் காட்ட வேண்டும் என்று அர்த்தம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கடன் கொடுப்பதையும் விலைக்குத் தரும் ஒரு சேவையாகவே கருதுகிறது. அரிசி வாங்குகிறவருக்கு உள்ள அந்தஸ்து கடன் வாங்குகிறவருக்கும் வந்துவிட்டது. கடனை முன்னதாகத் தீர்க்க வந்தவரிடம் வாங்க மறுப்பதும், நஷ்டத்துக்குப் பொருத்தமில்லாத அபராதம் போடுவதும் அந்தச் சட்டப்படி அநியாய ஒப்பந்தம். அத்தகைய ஒப்பந்தத்தை எதிர்த்து மாநிலக் கமிஷனுக்குப் போகலாம். சேவையில் குறை என்றால் சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள ஜில்லாக் கமிஷன்களிலேயே மனு கொடுக்கலாம். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லக்ஷம் ரூபாய் வரையில் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். 1915 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பாங்கியோ கம்பெனியோ முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். கந்து வட்டிக்காரர் என்றால் போலீஸிலும், திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டரிடமும் முறையிடலாம்.

படித்தவர்கள் செய்ய வேண்டியது

இவ்வளவு சட்டமும் இருந்து பள்ளிபாளையத்தில் ஏன் அப்படி நேர்ந்தது? சட்டம் கொடுத்த தாளை யாரும் படித்துக் காட்டவில்லை. தாளே இல்லாத கடன்களுக்கோ சாக்ஷியும் இல்லை. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. 1881-ம் வருஷத்துச் செலாவணிப் பத்திரச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, முத்திரை ஒட்டிய வெற்றுத் தாளில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், வைத்திருப்பவர் அதைப் பூர்த்தி செய்துகொள்ள அவர் அதிகாரம் கொடுத்ததாகவே முதலில் கருதப்படும். பத்தாயிரம் வாங்கியவர் லக்ஷம் வாங்கியதாகக் கோர்ட்டில் நிற்பது இப்படித்தான்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடன்பட்டு உழலும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். பாத்திரம் துலக்க வருகிற அம்மாள், பால்காரர், பக்கத்துத் தெருத் தறிக்காரர், இப்படி யாராவது இருப்பார்கள். அவர்களுக்குப் பணம் கொடுக்க நம்மால் முடியாமற் போகலாம். பத்து நிமிஷம் கொடுக்க முடியும். "கையெழுத்துப் போடுமுன் அந்தக் காகிதத்தை ஒருமுறை என்னிடம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி வைக்கலாம். கொண்டுவந்தால் ஆறு கேள்விகளுக்கு அதில் பதில் தேடுங்கள். கையில் வருவது எவ்வளவு? கட்டித் தீர்க்க வேண்டிய மொத்தம் எவ்வளவு? தவணை எத்தனை? வருஷ வட்டி என்ன? முன்கூட்டிக் கட்டினால் என்ன நிபந்தனை? கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ரசீது உண்டா? ஒன்றுக்காவது பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாமென்று தடுங்கள். நிரப்பாத தாளானால் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் தடுங்கள். கட்டிய ரசீதுகளை நூலில் கோத்து வைக்கச் சொல்லுங்கள். அவர் வீட்டில் இடமில்லையென்றால் உங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடங்களில் நாங்கள் தனி வட்டியும் கூட்டு வட்டியும் சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளைகள் பரீக்ஷைக்காகப் படித்து மறந்துவிடுகிறார்கள். எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி தன் வீட்டுத் தண்டல் நோட்டை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டுத் தாயாருக்குக் காட்டுவாளாகில், அந்தப் பாடம் பலித்துவிட்டதென்று நான் சொல்வேன். பூனாக் குடியானவர்கள் தங்களால் படிக்க முடியாத காகிதத்தைக் கொளுத்தினார்கள். நம் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியும். இன்றைச் சட்டம் அந்தக் காகிதத்தையே கடன் வாங்கியவருக்குச் சாக்ஷியாகவும் ஆக்கியிருக்கிறது. அதைப் பத்திரமாக வைத்திருப்பதும், வேண்டிய சமயத்தில் எடுத்துக் காட்டுவதும் நம் கையில் இருக்கின்றன.